வீட்டில் துப்பாக்கி இருக்கிறது. பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: இரு பிள்ளைகளின் தாய், டாலஸ் அருகே

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸ் மாநிலத்தில் பதினொரு ஆண்டுகளாக வசித்து வருகிறோம். மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்கு ஏழு வயது. சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்த பிறகு, என் கணவர் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கி, துணி அலமாரியின் மேல்தட்டில் கம்பளிப் போர்வைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் அது வீட்டுக்குள் வந்துவிட்டது. "மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடங்கிய கூட்டை, கழற்றித்தான் வைத்திருக்கிறேன், அது அங்கே இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது" என்று அவர் உறுதியாகச் சொல்கிறார்.

ஊரில் காவலர் தோளில் மட்டுமே துப்பாக்கியைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதைப் பற்றி ஒரு குழந்தையிடம் எந்தச் சொற்களில் பேசுவது என்றே தெரியவில்லை. பேசினால் ஆசையைத் தூண்டிவிடுவோமோ என்றும் அஞ்சுகிறேன். மகன் விளையாடச் செல்லும் வீடுகளிலும் துப்பாக்கி இருக்கலாம். அங்கே அதைப் பற்றிக் கேட்பது முறையாகுமா?

மறுமொழி 1: குழந்தைகள் பிரிவுச் செவிலியர், ஹூஸ்டன்

அன்புச் சகோதரி, பிள்ளைகளிடம் பேசத்தான் வேண்டும். ஆனால் பேசிவிட்டோம் என்ற நிம்மதியில் பூட்டாமல் விட்டுவிடக் கூடாது. 2001 இல் வெளிவந்த ஓர் ஆய்வை உங்கள் கணவருக்கும் சொல்லுங்கள். அட்லாண்டாவில் எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவர்களை 29 சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டு, இழுப்பறை ஒன்றில் தோட்டா இல்லாத உண்மைத் துப்பாக்கியை வைத்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்தார்கள். 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. அவற்றில் 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்களில் யாரோ ஒருவன் விசையையும் அழுத்தினான். எடுத்தவர்களிலும் அழுத்தியவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், துப்பாக்கியைப் பற்றி ஏற்கெனவே பெரியவர்களிடம் அறிவுரை பெற்றவர்கள். கண்டெடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது பொம்மையா நிஜமா என்றே விளங்கவில்லை.

அதனால் ஏழு வயது மகனிடம் விளக்கவுரை வேண்டாம். "துப்பாக்கியைப் பார்த்தால் நின்றுவிடு, தொடாதே, அந்த இடத்தை விட்டு ஓடு, பெரியவரிடம் சொல்" என்ற நான்கே சொற்றொடர்கள் போதும். 1988 முதல் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் பாடமும் இதுதான். பொம்மை போலத் தெரிந்தாலும் நிஜம் என்றே நினைக்க வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் நிற்காது. சாலையைக் கடக்கக் கற்றுக்கொடுப்பது போல, அவனை நடித்துக் காட்டச் செய்து அடிக்கடி பழக்குங்கள். ஓடி வந்து சொன்ன பிள்ளையை எக்காரணம் கொண்டும் திட்டாதீர்கள்.

பிஞ்சு விரலுக்கு விசை எட்டாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைப் போல ஆள்காட்டி விரலால் விசையை இழுப்பதில்லை. பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு கட்டை விரல்களால் அழுத்துவார்கள். அப்போது குழல் அவர்களுடைய முகத்தையே பார்த்திருக்கும்.

மறுமொழி 2: மான் வேட்டைக்குச் செல்பவர், சான் அன்டோனியோ

செவிலியர் அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகத் துப்பாக்கி வைத்திருப்பவன் என்ற முறையில், உங்கள் கணவரிடம் ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலியாகிவிடாது. குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் ஒரு தோட்டா ஏறியிருந்தால், மேகசின் இல்லாமலேயே பல கைத்துப்பாக்கிகள் சுடும். மேகசினைக் கழற்றிய பிறகு, துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தடவியும் பார்க்க வேண்டும். அதன் பின் துப்பாக்கியை ஒரு பெட்டகத்திலும் தோட்டாக்களை வேறொரு பெட்டியிலும் வைத்து இரண்டையும் பூட்ட வேண்டும். குழந்தை மருத்துவர்களின் அமெரிக்கக் கழகமும், துப்பாக்கி இல்லாத வீடே பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டு, வைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு இந்த முறையைத்தான் பரிந்துரைக்கிறது. பெட்டகம் வரும் வரை, துப்பாக்கிக்குள் கம்பியைக் கோத்துப் பூட்டும் கேபிள் பூட்டாவது போடுங்கள்; பல காவல் நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். கைரேகைப் பெட்டகம் வாங்கினால், பதிவு செய்யாத விரல்களை ஒவ்வொன்றாக வைத்துச் சோதியுங்கள். யார் விரலுக்கும் திறந்துகொண்டதால் 2023 இல் ஒரு வகைப் பெட்டகத்தை ஆயிரக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள்.

டெக்சாஸ் சட்டப்படி, சுடத் தயாரான துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குட்பட்டவர் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

மறுமொழி 3: மூன்று பிள்ளைகளின் தாய், ஆஸ்டின்

அண்டை வீட்டில் கேட்பது முறையா என்று தயங்காதீர்கள், சகோதரி. எங்கள் மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாது என்பதைச் சொல்லும்போதே, "உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று நான் கேட்டுவிடுவேன். இதுவரை ஒருவரும் முகம் சுளித்ததில்லை; ஓர் அம்மா பெட்டகத்தைக் கூட்டிப்போய்க் காட்டினார். உங்கள் மகளையும் மறந்துவிடாதீர்கள். பதின்ம வயதில் மனம் உடைந்துபோகும் ஓர் இரவில், கைக்கெட்டும் துப்பாக்கி மீட்க முடியாத இழப்பில் கொண்டுபோய் விடுகிறது. அந்த வயதுக்குப் பூட்டு இன்னும் அவசியம்.

கேட்டவர்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்றிரவு உணவுக்குப் பின் இருவரையும் அமர்த்திப் பேசினோம். மகன் நான்கு சொற்றொடர்களையும் சொல்லி, வாசல் வரை ஓடிக் காட்டினான். மகள்தான் தலை குனிந்து, குளிருக்குப் போர்வை எடுத்த அன்றே அதைப் பார்த்துவிட்டதாகவும், எங்களிடம் சொல்ல அஞ்சியதாகவும் கூறினாள். கணவர் அதன் பின் ஒன்றும் பேசவில்லை; இன்று காலையில் எண் பூட்டுள்ள பெட்டகம் வாங்கி வந்துவிட்டார். எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

மறுமொழி 2 எழுதியவர்

பிறந்த நாள், திருமண நாள், வீட்டு எண், உங்கள் கைப்பேசியின் கடவு எண் ஆகிய எதுவும் வேண்டாம். இவை அனைத்தும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பெட்டகத்துடன் அவசரச் சாவி ஒன்றும் வந்திருக்கும். அதை அலமாரியில் வைக்காமல் உங்கள் கணவரின் சாவிக் கொத்திலேயே கோத்துவிடச் சொல்லுங்கள். வீட்டுக்குள் இருக்கும்போதும் அந்தக் கொத்து அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.