குளோஸ்டவுன்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

ந. எழுதியது:
நண்பர்களே, ஊடகவியல் மாணவர்களுக்காக ஒரு பாடம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை பிபிசியில் என்னென்ன வந்தது என்று மணிவாரியாக ஓர் அட்டவணை. கென்னடி சுடப்பட்ட மறுநாள். ஐந்தே கால் மணிவாக்கில் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடரின் முதல் பகுதி. இரவில், வாராவாரம் அரசியல்வாதிகளைக் கிழித்துத் தொங்கவிடும் நையாண்டி நிகழ்ச்சி, அன்று நையாண்டியை ஒதுக்கிவிட்டு அஞ்சலி செலுத்தியது. இதுவரை சிக்கலில்லை. கடைசி வரியில் 'குளோஸ்டவுன்' என்று நிற்கிறது. அந்தக் காலத்தில் அறிவிப்பாளர் இரவு வணக்கம் சொல்வார், ராணியை வாழ்த்தும் நாட்டுப்பண் 'காட் சேவ் த குயின்' ஒலிக்கும், பெட்டியை அணைக்க மறக்காதீர்கள் என்பார்கள், நிலையமே ஓய்ந்துவிடும். இதற்கு ஒரு சொல் சொல்லுங்கள். கட்டம் சின்னது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

வே. எழுதியது:
இதற்கு யோசனை வேறா? 'நடைசாத்தல்'. அர்த்தசாம பூஜை முடிந்ததும் கோயிலில் நடப்பது இதேதான்: பாட்டு, கடைசி தரிசனம், கதவு. காலையில் நடை திறப்பு. இரண்டு சொல்லும் கையோடு கிடைக்கிறது.

சு. எழுதியது:
வே. ஐயா, அழகுதான். ஆனால் சாத்திய கதவுக்கு உள்ளே இருக்கும் சாமி யார், எலிசபெத் ராணியா? என் முன்மொழிவு 'ஒளியவிவு'. குறுந்தொகை ஆறாம் பாட்டில் 'சொல்லவிந்து' ஊர் உறங்கும் யாமத்தைப் பாருங்கள். ஊரார் பேச்சு ஓய்வதை அவிதல் என்று சொல்லலாம் என்றால், நிலையத்தின் ஒளி ஓய்வதை ஏன் சொல்லக்கூடாது?

க. எழுதியது:
அம்மா, நான் வகுப்பெடுப்பவன். 'அவிவு' என்று கரும்பலகையில் எழுதிய மறுநொடி கடைசி பெஞ்சிலிருந்து "முட்டையா சார், கடலையா?" என்று வரும். 'புள்ளியாதல்' எப்படி? பழைய பெட்டிகளில் திரை சுருங்கி நடுவில் வெள்ளைப் புள்ளியாக நிற்குமே.

சு. எழுதியது:
'ஐந்தவித்தான்' என்ற குறளை நடத்தும்போதும் முட்டைதான் கேட்பார்களா? அங்கே 'பொறிவாயில்' என்றும் வருகிறது. பொறி என்றால் புலன், இயந்திரமும் பொறிதான். வள்ளுவரே தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பு. எழுதியது:
க. அவர்களே, ஒரு திருத்தம். அந்தப் புள்ளிக்கும் நிலையத்துக்கும் சம்பந்தமில்லை. பெட்டியை அணைத்ததும், திரையில் படம் வரையும் எலக்ட்ரான் கதிரை மேலும் கீழும் இடமும் வலமும் இழுக்கும் சுற்று உடனே நின்றுவிடும். படக்குழாயில் அந்தக் கதிரை உமிழும் எதிர்மின்வாயின் (கேத்தோடு) சூடு ஆறும்வரை கதிர் கொஞ்சம் பாய்ந்துகொண்டிருக்கும். இழுக்க ஆளில்லாததால் எல்லாம் நடுவில் ஒரே இடத்தில் விழும். அதுதான் புள்ளி. மத்தியானம் அணைத்தாலும் வரும்.

இன்னொன்று. சும்மா நின்றுபோவதெல்லாம் குளோஸ்டவுன் ஆகாது. 1964 ஏப்ரல் 20 அன்று இரவு பிபிசியின் இரண்டாவது அலைவரிசையான பிபிசி 2 தொடங்க இருந்தது. லண்டனின் பாட்டர்சீ மின்நிலையத்தில் கோளாறு, பிபிசியின் தலைமைக் கலையகமே இருட்டு. மின்சாரம் இருந்த இன்னொரு கலையகமான அலெக்சாந்திரா பேலஸிலிருந்து செய்திதான் வாசிக்க முடிந்தது. மறுநாள் காலை 11 மணிக்கு வந்த குழந்தைகள் நிகழ்ச்சிதான் அந்த அலைவரிசையின் முதல் நிகழ்ச்சியாக அமைந்தது. அன்று மாலை ஒருவர் மெழுகுவத்தியை ஊதி அணைத்து நிகழ்ச்சிகளைத் தொடங்கிவைத்தார். அது மின்வெட்டு. குளோஸ்டவுன் என்பது நேரம் பார்த்து, விடைபெற்று, வேண்டுமென்றே நிறுத்துவது. பிரிட்டன் அரசே ஒளிபரப்பு நேரத்துக்கு உச்சவரம்பு வைத்திருந்தது, 1972இல்தான் எடுத்தார்கள்.

வே. எழுதியது:
நடை திறக்குமுன்பே சாத்திய கதை! என் சொல் இங்கேயும் பொருந்துகிறதே.

மா. எழுதியது:
விடைபெறுவது என்று பு. சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் விளக்கை 'அணை' என்று சொன்னால் பாட்டி கோபித்துக்கொள்வார். 'அமர்த்து' என்றுதான் சொல்ல வேண்டும். தானாக அணைந்தால் 'மலையேறிடுச்சு'. இலக்கணத்தில் மங்கல வழக்கு என்று படித்தோமே, அதேதான். ஒரு நாட்டின் தலைவரை இழந்த செய்தியோடு முடிந்த இரவுக்கு 'அடைப்பு', 'மூடல்' எல்லாம் கடைக்காரர் ஷட்டரை இழுப்பதுபோல் இருக்கிறது. 'ஒளியமர்த்தல்' என்று போடுங்கள்.

பு. எழுதியது:
இது பிடித்திருக்கிறது. 'மலையேறல்'கூடச் சரிதான்: லண்டனுக்கு ஒளிபரப்பிய கிரிஸ்டல் பேலஸ் கோபுரம் நிற்பது ஒரு குன்றின்மேல்.

க. எழுதியது:
விளையாட்டு போதும். 'ஒளியமர்த்தல்' என்றால் மாணவர் ஒளியைக் கொண்டுபோய் எங்கோ உட்காரவைப்பதாக நினைப்பார். பாட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுதுகிறோம்.

த. எழுதியது:
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல். வானொலி கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதுச்சொல் தேடும் விஷயமே இல்லை. ஒலிபரப்பு 'நிறைவடையும்'. அவ்வளவுதான். 'ஒளிபரப்பு நிறைவு' என்று எழுதினால் ஒருவரும் விளக்கம் கேட்கமாட்டினம்.

சு. எழுதியது:
நாடகமும் நிறைவடையும், செய்தியும் நிறைவடையும். நிலையம் ஓய்வதை எதை வைத்துப் பிரிப்பீர்கள்? ராணி வாழ்த்தும் விடைபெறலும் அந்தச் சொல்லில் எங்கே?

த. எழுதியது:
அட்டவணையில் கடைசி வரி அது, அக்கா. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அதை வைத்துத்தான்.

ந. எழுதியது:
அனைவருக்கும் நன்றி. மணி இரவு பதினொன்று ஆகிவிட்டது. 'நிறைவு'க்கு நான்கு பேர், 'ஒளியமர்த்தல்' பக்கம் மா. அம்மாவும் பாதி பு. அவர்களும். கட்டத்தில் 'ஒளிபரப்பு நிறைவு' போட்டுவிட்டேன். பாடத்தின் உரைநடையில் ஓரிடத்தில் 'நிலையம் ஒளியமர்ந்தது' என்று எழுதியிருக்கிறேன், பதிப்பாசிரியர் விட்டுவைத்தால் நல்லது. அடுத்த பக்கத்தில் 1967இன் சோதனை அட்டை (நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் திரையில் நின்ற படம்) வருகிறது, சிறுமியும் கோமாளி பொம்மையும் இருக்குமே, அது. 'டெஸ்ட் கார்டு' என்றே விடலாமா என்று நாளைக்குக் கேட்கிறேன்.

சு. எழுதியது:
கட்டத்தில் எதை வேண்டுமானாலும் போடுங்கள். நன்றியுரையில் மட்டும் என் பெயரைப் போடாதீர்கள்.