டீசல் ஜீப்பில் பூஸ்ட் கேஜ்: டி-பீஸ் எங்கே?

கேள்வி (கடலூர் முதுநகர்)
டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை (பூஸ்ட்) காட்டும் 30 பிஎஸ்ஐ மெக்கானிக்கல் கேஜ், ஹோஸ் வழியா நேரா அழுத்தம் எடுக்கும் வகை. வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவு மீறாமல் காக்கும் வால்வு) ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸை வெட்டி டி-பீஸ் (மூன்று வழி இணைப்பு) போடலாமா அண்ணா?

பதில் (புதுச்சேரி)
அங்கே வேண்டாம் தம்பி. அந்த ஹோஸ் கசிந்தால் வேஸ்ட்கேட் சரியாகத் திறக்காது, பூஸ்ட் எகிறிவிடும். விஜிடி (உள்ளே இதழ்கள் அசைந்து பூஸ்ட்டை மாற்றும்) டர்போ என்றால் பெரும்பாலும் அதில் ஓடுவது வேக்குவம், கேஜுக்கு உதவாது. இன்டர்கூலருக்கு (டர்போ காற்றைக் குளிர்விப்பது) அப்புறம், காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டில் எடுங்க. துளை போடணும்னா மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்துத்தான் போடணும். ஒரு சுருள் உலோகத்தூள் உள்ளே போனாலும் சிலிண்டர் சுவரில் கீறல் விழும்.

பதில் (நெல்லிக்குப்பம்)
ஹோஸ் உள்ளே வரும் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) ரப்பர் குரோமெட் (துளை விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். இல்லாவிட்டால் தகடு ஹோஸை அறுத்துவிடும். கேஜ் விளக்கின் எர்த்துக்கு பெயின்ட்டைச் சுரண்டி, முடுக்கி, மேலே வாசலின் தடவுங்க. நம்ம உப்புக்காற்றில் டெர்மினல் சீக்கிரம் பச்சை பூக்கும்.

பதில் (புதுச்சேரி)
கசிவு பார்க்க ஐடிலில் சோப்புத் தண்ணீர் பிரயோஜனம் இல்லை, அப்போது பூஸ்ட்டே இருக்காது. கேஜ் ஹோஸின் மேனிஃபோல்டு பக்க முனையைக் கழற்றி, சைக்கிள் பம்பால் 15 பிஎஸ்ஐ ஏற்றி முனையை இறுக்கிப் பிடிங்க. முள் இறங்கினால் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்க, குமிழ் காட்டிக்கொடுக்கும்.