மறு: கீவேர்டு = தேடுசொல்? நெகட்டிவ் கீவேர்டு = ???

எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம கையேட்டுக்காக, ஆன்லைன் விளம்பரத்துல வர்ற கீவேர்டு (விளம்பரம் எங்க வரணும்னு நாம குடுக்கிற சொல்), நெகட்டிவ் கீவேர்டு ரெண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடி மூணு நாளா இந்த இழை ஓடுது, படிச்சுக்கிட்டேதான் இருந்தேன். கீவேர்டுக்கு திறவுச்சொல்னு ஐயா சொன்னார், தேடுசொல்னு அக்கா சொன்னாங்க, குறிச்சொல் ஏற்கனவே டேகுக்குப் போயாச்சுன்னு இன்னொரு தம்பி தடுத்தார். கோவிச்சுக்காதீங்க, நீங்க யாரும் இந்த வேலையைக் கையால செஞ்ச மாதிரி தெரியல. நான் மதுரைல ஒரு பூமாலைக் கடைக்கு ஆன்லைன் விளம்பரம் போட்டுக் குடுத்தவன், அதுல பட்ட பாட்டைச் சொன்னா எந்தச் சொல் எங்க உக்காரும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

> கீவேர்டு என்பது பயனர் தேடும் சொல்லே. தேடுபொறி என்பதற்கு இணையாகத் தேடுசொல் என்பதே பொருந்தும்.

கூகுள்ல தேடும்போது வர்ற சர்ச் விளம்பரத்துக்கே இது பாதிதான் சரி அக்கா. ஆளு கூகுள்ல அடிக்கிறது ஒண்ணு, விளம்பரக்காரன் காசு கட்டி வச்சிருக்கிறது இன்னொண்ணு. அவர் "கல்யாணத்துக்கு ரோஜா மாலை என்ன விலை"ன்னு அடிப்பார், நான் வச்சிருக்கிறது "ரோஜா மாலை". ரெண்டையும் தேடுசொல்னு சொன்னா அறிக்கையை மொழிபெயர்க்கும்போது மாட்டிக்குவோம், ஏன்னா அங்க ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைல வரும்.

டிஸ்ப்ளே விளம்பரத்துல, அதாவது செய்தித் தளத்துலயும் வலைப்பூவுலயும் ஓரமா வருதே அந்தப் பட விளம்பரம், அதுல யாருமே எதையும் தேடல. ஒருத்தர் பாட்டுக்கு ஏதோ படிச்சுக்கிட்டிருக்கார், நாம குடுத்த சொல்லுக்கும் அந்தப் பக்கத்துல இருக்கிற விஷயத்துக்கும் ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு விளம்பரத்தைக் காட்டுறாங்க. சர்ச்சுல மேற்கோள் குறி போட்டா அந்தச் சொற்றொடரோட பொருள் உள்ளே வர்ற தேடல், சதுர அடைப்பு போட்டா அதே பொருள் உள்ள தேடல் மட்டும்னு இறுக்கிப் பிடிக்கலாம், டிஸ்ப்ளேல அது கிடையாது, எல்லாச் சொல்லையும் பரந்த பொருத்தமாத்தான், அதாவது ஏதோ சம்பந்தம் இருந்தாலே போதும்னுதான், எடுத்துக்கும். (பொருத்தம்னு நல்ல சொல்லா வாச்சிருக்கு, கல்யாண மாலைக்கு விளம்பரம் போடுறவன் பத்துப் பொருத்தம் பாக்க வேண்டியதுதான்.)

இப்ப கதைக்கு வர்றேன். கூகுளோட விளம்பரச் சேவையான ஆட்வேர்ட்ஸ் (இப்ப பேரு கூகுள் ஆட்ஸ்) 2000-லயே வந்தாச்சு, தமிழுக்குக் கதவு திறந்தது 2018 பிப்ரவரில. அதுக்கப்புறம் கடைக்கார அண்ணன் கேட்டார், தமிழ்லயே போடலாமேன்னு. நானும் பெரிய மேதாவி மாதிரி "மாலை", "பூ மாலை", "மலர்"னு நாலஞ்சு சொல்லைக் குடுத்துட்டுத் தூங்கிட்டேன். ஒரு வாரம் கழிச்சு விளம்பரம் எந்தெந்தப் பக்கத்துல வந்துச்சுன்னு பாத்தா தலை சுத்திருச்சு. "நேற்று மாலை லாரி மோதி", "மாலை 6 மணிக்கு மின்தடை", தலைவர் சிலைக்கு மாலை அணிவிச்ச செய்தி, சபரிமலைக்கு மாலை போட்டவங்க விரதம் இருக்கிறது எப்படி, எல்லாத்துலயும் பொண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாத்துற படம் ஜம்முனு நிக்குது. சாவுச் செய்தி ஒண்ணுக்குப் பக்கத்துலயும் வந்திருந்துச்சு, அதை அண்ணன் கிட்ட நான் காட்டவே இல்ல. நம்ம ஊர் சாயங்காலப் பேப்பர் பேர்கள்லயே மாலையும் மலரும் இருக்கிறது அப்புறம்தான் உறைச்சுது.

இங்கதான் நெகட்டிவ் கீவேர்டு வருது. இந்தச் சொல் சம்பந்தப்பட்ட பக்கம் எனக்கு வேண்டாம்னு சொல்றது. "அஞ்சலி"ன்னு போட்டேன், அஞ்சலிங்கிற பேர்ல ஒரு பொண்ணுக்குக் கல்யாணம்னா அந்தப் பக்கமும் போச்சு. "மணி"ன்னு போடலாம்னா மணி மாலை வாங்குறவங்க போயிடுவாங்க. கடைசில "நேற்று மாலை", "மாலை அணிவித்து", "மாலை போட்டு விரதம்"னு சொற்றொடரா எழுதி எழுதி வச்சேன். அதுலயும் நம்ம மொழி சும்மா விடுதா, பன்மையும் அதே பொருள் உள்ள வேற சொல்லும் அப்ப நெகட்டிவ்ல தானாச் சேரல, அணிவித்து, அணிவித்தார், அணிவிக்கப்பட்டதுன்னு ஒவ்வொண்ணையும் நாமளே போட வேண்டியிருந்துச்சு. பூமாலை, பூ மாலைன்னு சேர்த்தும் பிரிச்சும் எழுதுவாங்க, அது தனிக்கூத்து.

பொறுக்கிறதை விட பிரிச்சு அடுக்குறதுதான் பெரிய வேலை. முகூர்த்த மாலை ஒரு விளம்பரக் குழு (ஆட் குரூப்), சாமி மாலை ஒரு குழு, மலர்வளையம் தனிப் பிரச்சாரமே (கேம்பெய்ன்). முகூர்த்தக் குழுவுல "மலர்வளையம்" நெகட்டிவ்ல இருக்கணும், மலர்வளையக் குழுவுல "முகூர்த்தம்" நெகட்டிவ்ல இருக்கணும். ஒரு குழுவுக்கு நல்ல சொல் இன்னொரு குழுவுக்கு ஆகாத சொல், இதைக் கவனிங்க, ஏன்னா:

> Negative க்கு எதிர்மறை என்பதே வழக்கு. எதிர்மறைச்சொல் என்று முடித்துவிடலாமே.

ஐயா, மேல சொன்னதுல எந்தச் சொல் எதிர்மறை? "முகூர்த்தம்" எதிர்மறையா? சொல்லுல குத்தமே இல்ல, நான் அதை என்ன செய்றேங்கிறதுதான் விஷயம். எதிர்மறைச்சொல்னு எழுதினா படிக்கிற பையன் இல்லை, கூடாது, மோசம்னு இருக்கிற சொல்லைத் தேடிப் போடுவான். தம்பி சொன்ன "களைச்சொல்" கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கலைச்சொல் பட்டியல்ல களைச்சொல்னு ஒண்ணு வந்தா பிழை திருத்துறவர் முதல் வேலையா அதைத்தான் திருத்துவார்.

என் யோசனை: ஆளு அடிக்கிறது தேடுசொல். விளம்பரக்காரன் வைக்கிறது இலக்குச்சொல். ஆகாதுன்னு தள்ளுறது விலக்குசொல். திரிசொல், தேடுபொறி மாதிரி வினைத்தொகை, அதனால ச் வராது. பட்டனுக்கு "விலக்கு", பட்டியலுக்கு "விலக்குப் பட்டியல்"னு மத்ததும் தானா வந்துடும். திறவுச்சொல் ஆய்வுக் கட்டுரைக்கே இருக்கட்டும்.

---

> விலக்கு என்றால் வரிவிலக்கு போல 'உனக்கு மட்டும் தளர்வு' என்ற பொருள் வராதா தம்பி? எங்கள் திருநெல்வேலிப் பக்கம் விலக்கு என்றால் பஸ் நிறுத்தம் வேறு :)

அக்கா, வரிவிலக்கு இருக்கிற மாதிரி மதுவிலக்கும் இருக்கே, அதுல யாரும் தளர்வுன்னு குழம்பல. பஸ் ஸ்டாப் விஷயம் எங்க பக்கமும் அப்படித்தான், மெயின் ரோட்டுல இருந்து ஊருக்குப் பிரியுற இடம் விலக்கு. பஸ் ஊருக்குள்ள போகாம நேராப் போயிடும். நம்ம விளம்பரமும் அந்தப் பக்கத்துக்குள்ள போகாம நேராப் போகணும்ங்கிறதுதானே கணக்கு, எனக்கு இது இன்னும் பிடிச்சுப் போச்சு.

---

> விலக்குசொல் சரி. இலக்குச்சொல்லில் ஒரு சிக்கல்: இலக்கு, விலக்கு இரண்டும் ஒரே ஒலி. பயிற்சி வகுப்பில் வாயால் சொல்லும்போது மாறிவிடும்.

அட, இது எனக்குத் தோணவே இல்லைங்க ஐயா. இன்னைக்குக் கடைல அண்ணன்கிட்ட வாய்விட்டுச் சொல்லிப் பாத்தேன், ரெண்டு தடவை "எதுடா?"ன்னு கேட்டார். அப்புறம் அவரே, "வேண்டாத வார்த்தை லிஸ்ட்டுதானே, அப்படியே சொல்லேன்"ன்னுட்டுப் பூவுக்குத் தண்ணி தெளிக்கப் போயிட்டார்.

அவர் வாயில வந்ததையே எடுத்துக்கலாம்: விலக்குசொல்லுக்குப் பதிலா வேண்டாச்சொல். செல்லாக்காசு மாதிரி. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஐயா கேட்ட எதிர்மறையும் உள்ளயே இருக்கு, இங்க ச் வரும். பட்டன் "விலக்கு"ன்னே இருக்கலாம். கெட்ட வார்த்தைன்னு அர்த்தம் வருதான்னு மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க, இல்லைன்னா கையேட்டுல இதையே ஏத்திடுறேன்.