பி.டி. பீரியடில் கணக்கு நடத்தலாமா? (பெங்களூர்ப் பெற்றோர் விவாதம்)

கே.ஆர்.புரம் அப்பா:
என் மகள் ஏழாம் வகுப்பு, சி.பி.எஸ்.இ. பள்ளி. பள்ளியின் பெயர் வேண்டாம். டைம்டேபிளில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், தலா 40 நிமிடம். போன மாதம் எட்டு வந்திருக்க வேண்டும். அவளைக் கேட்டுக் கேட்டு காலண்டரில் குறித்தேன். கிடைத்தது மூன்று. இரண்டை கணக்கு மிஸ் "போர்ஷன் முடியலை" என்று வாங்கிக்கொண்டார். இரண்டு ஆண்டுவிழா ஒத்திகைக்குப் போச்சு. ஒன்று மழையில் போச்சு.

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் கேட்டதற்கு வந்த பதில்: "நாலு மணிக்கு மேல் ஸ்போர்ட்ஸ் அகாடமி நடக்குது, சேர்த்துவிடுங்க." அதே கிரவுண்டு, அதே பந்து, ஃபீஸ் மட்டும் தனி!

5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் மகளுக்குப் பள்ளியில் ஒரு மாதம் முழுக்கக் கிடைத்தது 120 நிமிடம். அதாவது இரண்டு நாள் அளவு. 9 முதல் 12 வரை தினம் ஒரு பீரியட் என்று 2018-லேயே சி.பி.எஸ்.இ. சொல்லிவிட்டது. கீழ் வகுப்புக்கும் தினமும் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். கையெழுத்துப் போட யார் தயார்?

சர்ஜாப்பூர் ரோடு:
நான் தயார் இல்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என் பையனுக்கு பஸ் காலை 6.50. வீடு திரும்ப 4.30. எல்லாவற்றையும் பள்ளி தலையிலேயே கட்டினால் எப்படி? ஒரு நாள் லீவு போட்டு அவன் பி.டி. பீரியடை கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். 45 பிள்ளைகள், இரண்டு ஃபுட்பால். பத்துப் பன்னிரண்டு பேர் ஆடினார்கள். மீதிப் பேர் படிக்கட்டில் உட்கார்ந்து கதை. மாஸ்டர் வேப்ப மரத்தடியில் மொபைலோடு. இதை வாரம் இரண்டிலிருந்து ஐந்தாக ஆக்கச் சொல்கிறீர்கள். படிக்கட்டில் உட்காரும் நேரம்தான் கூடும்.

நான் மாதாமாதம் பணம் கட்டி பேட்மின்டன் கோச்சிங் அனுப்புகிறேன். ஒரு கோச்சுக்கு எட்டுப் பிள்ளைகள். பள்ளி கணக்கையாவது ஒழுங்காகச் சொல்லித் தரட்டும்.

டர்ஃப் ராஜா:
எங்க ஏரியாவில் டர்ஃப் (வாடகைக்கு விடுற செயற்கைப் புல் மைதானம்) ஒரு மணி நேரம் 1,200 ரூபாய். மண்ணில் விழுந்து முட்டி உரிஞ்சதெல்லாம் ஃப்ரீயா கிடைச்ச காலம் போச்சு சார்.

பழைய விசில்:
சர்ஜாப்பூர் சார் சொன்ன மரத்தடி மாஸ்டரை எனக்கும் தெரியும். சில நாள் நானே அப்படி உட்கார்ந்திருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் படித்துவிட்டு (1920-ல் ஹாரி பக் துரை ஆரம்பித்த உடற்கல்விக் கல்லூரி) அல்சூர் பக்கம் 31 வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவன். காலையில் கேட் டியூட்டி, சாயந்திரம் பஸ் டியூட்டி, நடுவில் லீவு போட்ட டீச்சர் கிளாஸ் எல்லாம் பி.டி. மாஸ்டர் தலையில்தான். கிளாஸ் எடுக்க வந்த நேரத்தில் கால் மரத்தடியைத் தேடும்.

ஆனால் 45 பிள்ளைக்கு இரண்டு பந்து என்பது விதி இல்லை, சோம்பேறித்தனம். பழைய சாக்ஸில் துணியைத் திணித்துத் தைத்தால் ஒரு பந்து. ஒரு சாயந்திரத்தில் என் வீட்டம்மாவும் நானும் இருபது தைத்தோம். ஐந்தைந்து பேராக ஒன்பது கூட்டம். மூன்று இடத்தில் கயிறு, மூன்று இடத்தில் எறிந்து பிடிப்பது, மூன்று இடத்தில் நொண்டியும் தாண்டலும். ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒரு விசில், இடம் மாறணும். யாருக்கும் படிக்கட்டுக்குப் போக நேரம் இருக்காது.

ஒரு பையன். பந்து வந்தால் கண்ணை இறுக்க மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வான். எல்லோரும் "ஓட்டைக் கை" என்பார்கள். குறை கையில் இல்லை, கண் பந்தோடு போகவில்லை. அவனுக்கு பலூன் ஊதிக் கொடுத்தேன். பலூன் மெதுவாக வரும், பயம் இல்லை, கண் தானாகத் தொடரும். அப்புறம் சாக்ஸ் பந்து. அப்புறம் டென்னிஸ் பந்து, தரையில் ஒரு குத்து குத்தி வரும்படி. ஆறு வாரத்தில் பிடித்தான். அவன் கிரிக்கெட் வீரன் எல்லாம் ஆகவில்லை, பந்து வந்தால் ஓடி ஒளிவதை விட்டான், அவ்வளவுதான். உங்கள் எட்டுப் பிள்ளை கோச்சிங்கில் இவனைச் சேர்க்கவே மாட்டார்கள் சார்.

இன்னொன்று. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்கு ஆள் என்று வரும்போது 6 முதல் 8 வரை, அதுவும் நூறு பிள்ளைக்கு மேல் இருந்தால், பகுதிநேரமாக ஒருவர். ஒன்று முதல் ஐந்து வரைக்கு யாருமே இல்லை. எறிவதும் பிடிப்பதும் தாண்டுவதும் படிய வேண்டிய வயசே அதுதான்!

மலர் பானஸ்வாடி:
மாஸ்டர், உங்களை மாதிரி ஒருவர் எனக்குக் கிடைத்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

எனக்கு பி.டி. என்றாலே தண்டனைதான். ஷூ பாலிஷ் இல்லையா, கிரவுண்டை மூணு ரவுண்டு ஓடு. வீட்டுப்பாடம் செய்யலையா, இருபது தோப்புக்கரணம். ஓடுவதையே தண்டனையாகக் கொடுத்துவிட்டு, பெரியவளானதும் "வாக்கிங் போம்மா" என்றால் எந்தக் கால் போகும்? அப்புறம் டீம் பிரிப்பது. இரண்டு கேப்டன், ஒவ்வொருத்தராகக் கூப்பிடுவார்கள். கடைசியில் நானும் ஜன்னி வந்து எழுந்த ஒரு பெண்ணும் நிற்போம். "சரி வா, ஒப்புக்குச் சப்பாணி" என்பார்கள். மாதவிலக்கு நாளில் ஆம்பளை மாஸ்டரிடம் காரணம் சொல்லக் கூசி வயிற்றுவலி, தலைவலி என்று நாங்கள் சொன்ன பொய்களுக்கு அளவே இல்லை.

2016 நிலவரத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் போதிய அசைவு இல்லாதவர்கள் 81 சதவீதம். பெண் பிள்ளைகள் மட்டும் 85. அந்த 85-ல் என் மாதிரி எத்தனை பேரோ. தினமும் பி.டி. வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தினமும் அவமானம் வைப்பதில்தான்.

சர்ஜாப்பூர் ரோடு:
மேடம் சொன்னதுதான் என் கட்சியும். பள்ளி கை வைத்தால் விளையாட்டும் பாடமாகிப் பாழாகும். கௌதமபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். அல்சூரில், நம் தமிழ் ஆட்கள் இருக்கிற இடம். பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். எந்தப் பள்ளி டைம்டேபிள் போட்டு அவர்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தது? தெருதான் சொல்லிக்கொடுத்தது. ஊர் பார்த்துக்கொள்ளும்.

பழைய விசில்:
கௌதமபுரம் எனக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. நீங்கள் சொல்வது பாதி நிஜம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்த பெங்களூர்க்காரர். டீமில் பாதிக்கு மேல் வெறுங்காலில் ஆடினார்கள். பி.டி. பீரியட் அவர்களை உருவாக்கியது என்று நானும் சொல்லவில்லை.

ஆனால் அங்கே மண் இருக்கிறது, விசில் ஊத நாலு பெரியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் லேஅவுட்டில்? பார்க் கேட்டில் "பந்து விளையாட அனுமதி இல்லை" என்று போர்டு. அபார்ட்மென்ட்டில் கார் கண்ணாடி உடையும் என்று சண்டை. சரி, கௌதமபுரத்துக்கே வாருங்கள். நான் பார்த்த வருஷங்களில் அந்த மைதானத்தில் பெண் பிள்ளைகள் ஓரமாகத்தான் நின்றார்கள். தெரு நன்றாக ஆடுகிறவனைத்தான் உள்ளே விடும். மலர் அம்மாவைத் தெருவும் கூப்பிட்டிருக்காது. எல்லாப் பிள்ளையும் வந்துதான் ஆக வேண்டிய இடம் பள்ளி ஒன்றுதான். அதனால்தான் அங்கே கேட்கிறோம்.

கே.ஆர்.புரம் அப்பா:
யுனெஸ்கோ சாசனம் 1978-லேயே உடற்கல்வி எல்லோருக்கும் உள்ள உரிமை என்று சொல்லிவிட்டது. நன்றாக ஆடுகிறவர்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. ஒரு யோசனை: மார்க் வைத்துவிட்டால் கணக்கு மிஸ் கை வைக்க மாட்டார். நம்ம ஊரில் மார்க் இல்லாததை யார் மதிக்கிறார்கள்?

மலர் பானஸ்வாடி:
ஐயோ, வேண்டவே வேண்டாம். என் பெண் குள்ளம். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு மார்க் என்றால் அவள் பாட்டி தாத்தா உயரத்துக்கும் சேர்த்து சி கிரேடு. இப்பவே வகுப்பில் எல்லோர் முன்னாலும் எடை பார்த்து உரக்கப் படிக்கிறார்கள். அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

பழைய விசில்:
எடையை உரக்கப் படிப்பது அநியாயம், யார் செய்தாலும். மார்க் கட்டாயம் என்றால், பிள்ளையை அவளோடுதான் ஒப்பிட வேண்டும். ஜூனில் கயிறு எத்தனை தாண்டினாள், செப்டம்பரில் எத்தனை. நான் நோட்டில் அப்படித்தான் குறிப்பேன். ஹெச்.எம். அதைப் பார்த்து "ரேங்க் எங்கே?" என்று கேட்டார், அது வேற கதை.

சர்ஜாப்பூர் ரோடு:
சாக்ஸ் பந்து கதையைப் படித்தேன். இரண்டாம் தடவையும் படித்தேன். என் பையனும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன், அதை முதலில் சொல்லவில்லை.

கணக்கு மிஸ் எடுத்துக்கொண்டது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தினமும் 40 நிமிடம் என்றால் எந்தப் பாடத்தில் இருந்து எடுப்பீர்கள்? கன்னடமா, ஹிந்தியா, கம்ப்யூட்டரா? அதை எழுதாமல் மனு கொடுத்தால் பிரின்சிபல் முதல் வரியிலேயே மடித்து வைத்துவிடுவார். வாரம் மூன்று என்று மாற்றுங்கள், யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று போடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

கே.ஆர்.புரம் அப்பா:
மூன்று என்று நாம் கேட்டால் ஒன்றரைதான் வரும். தினமும் என்றே இருக்கட்டும் சார்.

மலர் பானஸ்வாடி:
எண்ணிக்கையை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடியுங்கள். மனுவில் எனக்கு இரண்டு வரி வேண்டும். கேப்டன் வைத்து டீம் பிரிக்கக் கூடாது. ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் வாரம் எத்தனை என்றாலும் என் கையெழுத்து உண்டு.

சர்ஜாப்பூர் ரோடு:
அந்த இரண்டு வரிக்குக் கீழே என் பெயரையும் போடுங்கள். "தினமும்" என்ற வரிக்குக் கீழே வேண்டாம்.

டர்ஃப் ராஜா:
மாஸ்டர், அந்த சாக்ஸ் பந்துக்கு உள்ளே பஞ்சா, கிழிஞ்ச பனியனா?

பழைய விசில்:
பனியன்தான். பஞ்சு நனைந்தால் கனத்துவிடும்.