கருந்தலை மீன்கொத்தி யார் கண்ணிலாவது பட்டதா?

வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பாகான் செராய் பக்கத்துத் தோட்டம். போன சனிக்கிழமை காலை, செம்பனைக் காட்டை ஒட்டிய கால்வாய்க் கம்பியில் கருந்தலை மீன்கொத்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. மோட்டாரை நிறுத்திக் கைப்பேசியை எடுப்பதற்குள் போய்விட்டது. படத்தில் வெறும் கம்பிதான் இருக்கிறது!

சீனா, கொரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் வந்ததும் நம் பக்கம் இறங்கும் பறவை இது. ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும். எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. அதனால் இந்தப் பருவத்தில் எங்கெங்கே தென்படுகிறது என்று குறித்து வைக்கப் பார்க்கிறேன். பாரிட் புந்தார், கோல குராவ், தைப்பிங் நண்பர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

ஆண்டு முழுக்க லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கம் கத்தித் திரிகிற வெண்தொண்டை மீன்கொத்தியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குத் தலை பழுப்பு. இதற்கு மை பூசியது போலக் கறுப்புத் தலை, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை, ஊதா கலந்த நீல முதுகு, செம்மஞ்சள் வயிறு. அலகு இரண்டுக்கும் சிவப்புதான், பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டும் இரண்டுக்கும் உண்டு. அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

தேதி, நேரம், இடம் இருந்தால் போதும். படம் இல்லாவிட்டாலும் சரி. தேடிப் போய்க் காணவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். பறவைகளைப் பார்த்ததைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் கணக்கு இருப்பவர்கள் அங்கேயும் ஏற்றிவிடுங்கள். பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அதைக் கூப்பிட மட்டும் வேண்டாம். அப்புறம், விடியலில் செம்பனைக் குலை வெட்டப் போகிற அண்ணன்மார்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.