டெஸ்க்டாப்பை வித்துட்டு லேப்டாப் வாங்கின அனுபவம்

பழைய டெஸ்க்டாப்பை வித்துட்டு, எல்லாத்துக்கும் ஒரே லேப்டாப்னு போன வருஷம் முடிவு பண்ணேன். பகல்ல கோடிங் வேலை: ஜாவா, அப்புறம் புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியா ஓட்டுற டாக்கர். ராத்திரி தம்பி எடுத்துட்டு வர்ற கல்யாண வீடியோவுக்கு எடிட்டிங். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல மூணு கடை ஏறி இறங்கி, கிராபிக்ஸ் கார்டு எதுல பெருசோ அதையே எடுத்தேன். ராம் 16 ஜிபி. "போதும் சார், தாராளமா ஓடும்"னாரு கடைக்காரர்.

முதல் முகூர்த்தத்துலயே பல்லிளிச்சிடுச்சு. தம்பி 10 பிட் 4:2:2, ஹெச்.265-ல எடுத்திருந்தான், அதாவது கலர் விவரம் நிறைய வச்சு இறுக்கிச் சுருக்கின வீடியோ. டைம்லைன்ல போட்டா மேளச் சத்தம் ஒழுங்கா கேக்குது, தாலி கட்டுற கை மட்டும் தாவித் தாவிப் போகுது. கார்டு சும்மா உக்காந்திருக்கு, ப்ராசசர் 100 சதவீதத்துல முக்குது. அதே கிளிப்பை ஆபீஸ்ல குடுத்த லேப்டாப்ல போட்டுப் பாத்தேன். தனி கார்டே இல்லாத இன்டெல் மெஷின், வழுக்கிட்டு ஓடுது! வயிறு எரிஞ்சது.

அப்புறம் தோண்டினதுல தெரிஞ்சது: அந்த ஃபார்மட்டைப் பிரிக்க சிப்புக்குள்ளயே அதுக்குன்னு ஒரு பகுதி இருக்கணும். இன்டெல் ப்ராசசர்ல வீடியோவுக்குன்னே இருக்கிற குயிக் சிங்க்ல சில தலைமுறையாவே இருக்கு. கிராபிக்ஸ் கார்டு பண்ற என்விடியால 2025-ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலதான் சேர்த்தாங்க. என் மெஷின்ல ரெண்டும் இல்ல. இப்போ ப்ராக்ஸி, அதாவது எடிட் பண்ண மட்டும் லேசான நகல் போட்டுத்தான் பொழப்பு ஓடுது.

மறுமொழி:
கார்டு பேரை மட்டும் பாத்து வாங்காதீங்க நண்பா. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 மாடலைப் பொறுத்து 35 வாட்லயும் வரும், 115 வாட்லயும் வரும். வாட் குறைஞ்சா வேகமும் குறையும், ஸ்டிக்கர் என்னவோ ஒண்ணுதான். 4070-ஐ டெஸ்க்டாப்ல வாங்கினா 12 ஜிபி மெமரி, லேப்டாப்ல 8. நான் வாட் கேட்டதுக்கு கடைப் பையன் "சார்ஜர் வாட்டா சார்?"னான்.

மறுமொழி:
எனக்கு அடி விழுந்தது ஸ்க்ரீன்ல. 45 சதவீத என்டிஎஸ்சி பேனல், அதாவது கலரைக் கம்மியாத்தான் காட்டும். புரோகிராம் கோடு எழுத ஒரு குறையும் இல்ல. அதை நம்பி கலர் பண்ணி அனுப்பினேன், பொண்ணு வீட்டு டிவில பட்டுப்புடவை ரத்தச் சிவப்பு. இப்போ தனி மானிட்டர். ஆமா, உங்க ராம் போர்டோட ஒட்டினதா, ஸ்லாட்டா?

முதல் பதிவர்:
ஸ்லாட்தான், ஒண்ணு காலியா இருக்கு. சம்பளம் வந்ததும் 32 ஆக்கணும், டாக்கரும் எடிட்டிங் சாஃப்ட்வேரும் சேர்ந்து திறந்தா மூச்சு முட்டுது. தம்பியை, கலர் விவரம் கம்மியான 4:2:0-ல எடுடான்னேன். "கலர் போயிடும்ணே"ன்னு முறைக்கிறான்.