திருகோணமலைச் சூட்டில் ஊதா உருளைக்கிழங்கு: உள்ளே நிறம் பிடிக்க என்ன வழி?

கேள்வி:
உப்புவெளிப் பக்கம் வீட்டு வளவு. மணல் நிலம், கிணற்றுத் தண்ணீர். ஐப்பசியில் கறுப்புப் பைகளில் நட்ட ஊதா உருளைக்கிழங்கு செடியாக நல்லா எழும்புது. கிண்டினால் நெல்லிக்காய் அளவுதான் கிழங்கு. வெட்டினால் உள்ளே வெளிறிப்போய் இருக்கு. மாட்டெருவும் யூரியாவும் போடுறேன். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் வேறு விதைக்கிழங்கு கொண்டுவரச் சொல்லலாமா?

பதில் 1:
விதையில் பிழை இருக்கிறதோ இல்லையோ, முதல் காரணம் இரவுச் சூடு. உருளை நன்றாகக் கிழங்கு கட்ட மண் 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். இங்கே தை மாதத்திலும் இரவு வெப்பம் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. சூட்டில் செடி தன் உணவை இலைக்கும் தண்டுக்கும் செலவழித்துவிடும். ஊதாவைத் தரும் அந்தோசயனினும் சூட்டில் குறைவாகவே ஊறும். யூரியா இலையை இன்னும் தூண்டும், அதை நிறுத்துங்கள்.

திரும்ப முயல்வதென்றால் கார்த்திகைக் கடைசியில் நடுங்கள். கிழங்கு கட்டத் தொடங்க ஐந்தாறு கிழமை செல்லும். அது தையில் வந்து விழும். கறுப்புப் பை வெயிலைக் குடிக்கும், வெள்ளை உரப்பை எடுத்து அடியில் துளை போடுங்கள். மேலே நாலு விரற்கடை வைக்கோல், பின்னேரம் நிழல். வெளியே தெரியும் கிழங்கை மண்ணால் மூடுங்கள். பச்சை பிடித்தது நஞ்சு.

விதைக்கிழங்கைப் பெட்டியில் கொண்டுவர வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கு அனுமதி தேவை. வாடல் நோய் அதோடு வந்தால் பக்கத்து வளவுக் கத்தரியும் தக்காளியும் சேர்ந்து போகும்.

பதில் 2:
ஊதா நிறம்தான் வேணுமென்றால் எங்கட மண்ணுக்கு இராசவள்ளி என்ற ஊதாக் கொடிக்கிழங்கு இருக்கு, அதை நடுங்கோ. சூடு அதுக்குப் பகை இல்லை.

விதைத்துண்டிலேயே நிறம் முடிவாகிவிடும். சில கிழங்கில் தோலுக்குக் கீழே மட்டும் ஊதா, நடு வெள்ளை. வெட்டிப் பார்த்து, நடு வரைக்கும் கறுத்த ஊதாவாக இருக்கிறதை மட்டும் எடுங்கோ. பசளையால் வெள்ளைக் கிழங்கை ஊதாவாக்க ஏலாது. துண்டு 150 தொடக்கம் 200 கிராம், ஒவ்வொன்றிலும் தோல் இருக்க வேணும். வெட்டு முகத்தில் சாம்பல் பூசி ஒரு நாள் நிழலில் காயவிடுங்கோ. தலைப்பக்கத் துண்டு முதலில் முளைக்கும், அதைத் தனியாக நடுங்கோ.

சித்திரை மழையோடு நடவு. கிடங்கு ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம், இடைவெளி மூன்றடி. மணலாக இருப்பதால் கிடங்குக்கு இரண்டு கூடை மக்கின மாட்டெரு கலந்து நிரப்பி, துண்டை நாலு அங்குல ஆழத்தில் வையுங்கோ. பச்சை எரு போட்டால் துண்டு அழுகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண் சுடும். சருகு மூடாக்கு தடிப்பாகப் போட்டு, கிழமைக்கு இரண்டு தரம் ஆழமாகத் தண்ணீர் விடுங்கோ. கொடி ஏற ஆறடிக் கம்பு வேணும், நிலத்தில் படர்ந்தால் கிழங்கு சிறுக்கும். மாரி மழையில் தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்டுங்கோ. தையில் இலை மஞ்சளாகிக் கொடி காய்ந்த பிறகு, சுற்றி மண்ணை எடுத்து முழுசாகக் கிளப்புங்கோ. மண்வெட்டி பட்ட கிழங்கு வைக்க நில்லாது, முதலில் சமையுங்கோ.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. இராசவள்ளியைச் சமைக்கும்போது நிறம் நீலமாக மாறுவது ஏன்?

பதில் 3:
அந்தோசயனின் தண்ணீரில் கரையும். காரத்தன்மையான தண்ணீரில் நீலமாகவும் பச்சையாகவும் மாறும். உங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படிகிறது என்றால் அதுதான் காரணம். தோலோடு ஆவியில் அவித்து, பிறகு உரியுங்கள். கஞ்சிக்குக் கரைக்கும் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி தேசிப்புளி விட்டால் ஊதா திரும்பும். தேங்காய்ப்பாலைக் கடைசியில், அடுப்பைக் குறைத்த பிறகு விடுங்கள், இல்லாவிட்டால் புளியில் திரையும். அப்பச்சோடாவை மட்டும் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.